ஃபிஜியின் ரக்பியும் நம் ஊர் மந்தையும்

2025ஆம் ஆண்டு மும்பையில் நடந்த முதலாவது ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றதிலிருந்து, மதுரைக்கும் ஒரு ரக்பி அகாடமி வேண்டும், அதற்கெனப் புல்தரை மைதானம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் எழுதி வருகிறார்கள். கபடியில் ஊறிய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, பந்தை ஏந்தி ஓடுபவரை மடக்கிப் பிடிக்கும் இந்த ஆட்டம் எளிதில் வசப்படும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அகாடமியிலிருந்து தொடங்குவது தலைகீழான வேலை என்று கருதுகிறேன். ஃபிஜியில் ரக்பி வளர்ந்த விதத்தைப் படிக்கப் படிக்க இந்த எண்ணம் உறுதிப்படுகிறது.

பசிபிக் பெருங்கடலில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்த நாட்டின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. மதுரை மாநகருக்குள் மட்டும் நாம் அதைவிட அதிகம் பேர் வாழ்கிறோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், எழுவர் ரக்பி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று வீழ்த்தி, தன் வரலாற்றின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகப் பெற்றது ஃபிஜி. டோக்கியோவில் மீண்டும் தங்கம், பாரிஸில் வெள்ளி. ரியோ வெற்றியின் நினைவாக ஏழு டாலர் நோட்டு ஒன்றையே அச்சிட்டார்கள். (ஏழு டாலருக்குச் சில்லறை கொடுத்த கடைக்காரர்களின் பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது.)

இவ்வளவும் பெரிய மைதானங்களில் விளைந்ததன்று. பூர்வகுடி ஃபிஜியர்களின் கிராமங்களில் வீடுகளுக்கு நடுவே ‘ராரா’ எனப்படும் பொதுப் புல்வெளி உண்டு. ஊர்ச் சடங்கும் அங்கேதான், பொழுது சாயும் நேரத்துப் பிள்ளைகளின் ஆட்டமும் அங்கேதான். பெரும்பாலும் அவர்கள் ஆடுவது மோதிப் பிடிக்கும் ரக்பியன்று, கையால் தொட்டாலே ஆளை நிறுத்திவிடும் டச் ரக்பி. அதற்குக் காலணியும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம் வென்ற ஜெர்ரி துவாய், தலைநகர் சுவாவை ஒட்டிய ஏழைக் குடியிருப்பில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பந்தாக வைத்துப் பழகியவர். ஊர்கள் தமக்குள் மோதும் எழுவர் போட்டிகளில்தான் திறமை கண்ணில் பட்டது. பயிற்சியாளரும் ஒப்பந்தமும் அதற்குப் பின்னரே வந்தார்கள்.

இதே தீவுகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது இதைவிட முக்கியமான செய்தி. 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். ஆனால் ரக்பி அவர்களிடம் பெரிதாக ஒட்டவில்லை. உடல்வாகுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிக் குலங்களின் பொதுச் சொத்தாக இருந்ததால், குத்தகைக் கரும்புக் காட்டில் ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டிக்கொண்ட நம்மவர்களுக்கு ஊர் நடுவே ராரா என்ற ஒன்று அமையவே இல்லை. அவர்கள் ஒன்றுகூடியது பள்ளிக்கூடத்திலும் சங்கத்திலும். 1926இல் நாடி என்ற ஊரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் ஈஸ்டர் விடுமுறையில் இன்றும் நடத்துவது கால்பந்துப் போட்டிதான். கூடுமிடம் எதுவோ, அங்கே எந்த ஆட்டம் முதலில் நுழைந்ததோ, அதுவே நிலைத்தது.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்தக் கூடுமிடத்தைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எந்தப் பக்கம் போனாலும் ஊர்ப் பொதுவெளியான மந்தை இருக்கிறது. பொங்கலுக்கு அங்கேதான் ராத்திரிக் கபடி நடக்கிறது. டியூப் லைட்டைக் கம்பில் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, ரைடரின் கணுக்காலை ஒருவன் கவ்விக்கொள்ள மற்ற மூவர் வந்து மேலே விழுவதை ஊரே மதில்மேல் உட்கார்ந்து பார்க்கிறது. அந்தப் பிடி ரக்பிக்குப் பாதிப் பயிற்சி. பந்தை முன்னே எறியக் கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும்.

ஆனால் மந்தை ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, மறு மூலையில் நாடக மேடை, நடுவே சமுதாயக் கூடம். எஞ்சிய இடத்திலும் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. எனினும் பேவர் பிளாக்கின் மேல் எந்தப் பிள்ளையும் உருண்டு விழ முடியாது. கண்மாய்க்குள் ஆடலாம் என்பீர்கள். தண்ணீர் வற்றிய கோடையில் மட்டும் கிடைக்கும் களத்தை நம்பி ஓர் ஆட்டத்தை வளர்க்க முடியாது.

ரக்பியில் தலையில் அடிபடும், அது உண்மையான ஆபத்து. ஆகவே, முறையாகப் பிடிக்கக் கற்றுத்தர ஆள் கிடைக்கும்வரை, பையன்களும் பெண்பிள்ளைகளும் டச் ரக்பி மட்டும் ஆடட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கபடி அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கபடிக்கும் எழுவர் ரக்பிக்கும் அணிக்கு ஏழு பேர்தான், அதே ஏழு பேர் இரண்டையும் ஆடுவார்கள்.

வருகிற மே 1 கிராம சபையில், எங்கள் ஊரின் மந்தைவெளிப் புறம்போக்கு நிலத்தைப் புல எண்ணோடு குறிப்பிட்டு, அங்கே இனிக் கட்டுமானம் கூடாது என்று தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். உங்கள் ஊரிலும் கொண்டுவர விரும்பினால் எழுதுங்கள், தீர்மானத்தின் வரைவை அனுப்பி வைக்கிறேன்.