ஹேங்கர் வாடகையை ஏற்றுங்கள், என்னுடையதையும் சேர்த்து

போன சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரான எங்கள் ஊரின் நகராட்சி விமான நிலையத்தின் ரன்வே நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். பயப்பட வேண்டாம், ரன்வேயை மூடி முறைப்படி அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான். நடுக்கோட்டுக்குக் குறுக்கே ஓடிய விரிசலில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன், பாதி உள்ளே போனது. அடுத்த விரிசலில் புல் முளைத்து, அதில் மஞ்சளாக ஒரு பூ வேறு. மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மூணு வருஷம் முன்னாடியே இதை அடைச்சிருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேனேஜர் என்றதும் கோட்டு போட்டவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் சின்ன ஊர்களில் விமான நிலைய மேனேஜர்தான் புல் வெட்டுவார், ஃப்யூஸ் போன விளக்கை மாற்றுவார், பனி தள்ளுவார், ரன்வேயில் படுத்திருக்கும் மானைத் துரத்துவார், மறுநாள் மானிய விண்ணப்பமும் எழுதுவார். அந்த நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் நான் இரண்டு வருஷமாக இருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து வாங்கிய பழைய செஸ்னா என்ற சின்ன விமானத்தில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. அதை நிறுத்தி வைத்திருப்பது நகராட்சியின் ஹேங்கரில், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகையில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவது என் பாக்கெட்டிலேயே கை வைக்கும் விஷயம்.

அமெரிக்க மத்திய அரசின் தேசியப் பட்டியலில் சுமார் 3,300 விமான நிலையங்கள் இருக்கின்றன. டிக்கெட் வாங்கி ஏறும் விமானம் பெரும்பாலானவற்றுக்கு வருவதே இல்லை. பல, இரண்டாம் உலகப் போருக்காக ராணுவம் போட்டவை. உபரிச் சொத்துகளுக்கான 1944-ம் வருஷச் சட்டத்தின் வழியே ஊர்களின் கைக்கு வந்தன. நிலம் இனாம், ரன்வே இனாம். பராமரிப்பு மட்டும் ஊரின் தலையில்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய விமான நிலையத்தில் நீங்கள் வாங்கும் உள்நாட்டு டிக்கெட்டில் 7.5 சதவீதம் வரி இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் போடும் விமான பெட்ரோலில் கேலனுக்கு 19.4 சென்ட் மத்திய வரி. இப்படிப்பட்ட வரிகள் சேர்வது 1970-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை நிதியில். அங்கிருந்துதான் சின்ன நிலையங்களுக்கு மானியம். ஒரு வேலைக்குப் பொதுவாக 90 சதவீதமோ அதற்கு மேலோ மத்திய அரசு கொடுக்கும். பட்டியலில் இருக்கும் சின்ன நிலையத்துக்கு வருஷத்துக்கு 1,50,000 டாலர் வரை ஒதுக்கீடும் உண்டு, சில வருஷம் சேர்த்து வைத்தும் எடுக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், மேனேஜர் சம்பளம், புல் வெட்டும் டிராக்டருக்கு டீசல், இதற்கெல்லாம் அந்த மானியத்தைத் தொட முடியாது. விரிசல் அடைக்க எடுக்க வழி இருக்கிறது. எடுக்க மாட்டார்கள். ரன்வேயையே புதிதாகப் போடும் பெரிய வேலைக்கென்று சேர்த்து வைப்பார்கள். புது ரன்வேக்கு ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். விரிசல் அடைத்ததற்கு எந்த மேயர் ரிப்பன் வெட்டியிருக்கிறார்? யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் காசில்லை என்ற கதை. இத்தனைக்கும் மானியத்தில் தளம் போட்டுக்கொண்டவர்கள் முறையான பராமரிப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது கையெழுத்துப் போட்ட நிபந்தனை. திட்டம் எங்களிடமும் இருக்கிறது, ஃபைலில்.

தார்த்தளம் ஒரே சீராகக் கெடுவதில்லை. முதல் பல வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீர் விரிசல் வழியே அடித்தளத்துக்கு இறங்கும், குளிரில் உறையும், விரியும், அதற்குப் பிறகு சரிவு வேகமாக இருக்கும். அந்தச் சரிவுக்கு முன்னால் அடைத்தால் ஆயிரங்களில் முடியும், விட்டுவிட்டால் லட்சங்களில் நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆயிரம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

என் பதில்: ஹேங்கர் வாடகையிலிருந்து.

எங்கள் ஹேங்கர்களுக்கு வாடகை ஏறிப் பல வருஷம் ஆகிறது. காத்திருப்போர் பட்டியல் இரண்டு பக்கம் நீளம். வரிசை அவ்வளவு நீளமாக நின்றால் விலை குறைவு என்று அர்த்தம், இதற்குப் பொருளாதாரம் படிக்கத் தேவையில்லை. போன மாதம் ஆய்வுக்காக ஒரு ஹேங்கர் கதவைத் திறந்தோம். உள்ளே மீன்பிடிப் படகு ஒன்று, இரண்டு ஃப்ரிட்ஜ், ஒரு சோபா. எல்லாவற்றுக்கும் பின்னால் தார்ப்பாய் போர்த்திய விமானம், மூன்று சக்கரத்திலும் காற்றில்லை, இறக்கைக்கு அடியில் பறவைக் கூடு. 2016-ல் அமெரிக்காவின் மத்திய விமானத் துறையான எஃப்ஏஏ வெளியிட்ட கொள்கை தெளிவாகவே சொல்கிறது: ஹேங்கர் விமானத்துக்கு, படகுக் கொட்டகைக்கு அல்ல. வீட்டிலேயே விமானம் கட்டுபவர்களுக்குக்கூட அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள், சோபாவைக் காரணம் காட்டி விமானத்தை வெளியே நிறுத்துபவர்களுக்கு இல்லை.

மானியம் வாங்கும்போது ஊர் கொடுக்கும் உறுதிமொழிகளில் 24-வது, கட்டணங்களை அந்த நிலையம் கூடுமானவரை தன் காலில் நிற்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. 25-வது, நிலையத்தின் வருமானத்தை நிலையத்துக்கே செலவழிக்க வேண்டும் என்கிறது. அதாவது நாங்கள் கூடுதலாகக் கொடுக்கும் வாடகையை எடுத்து நகராட்சி பூங்காவுக்கு பெஞ்ச் போட முடியாது. என் பணம் என் சக்கரம் உருளும் தளத்துக்கே வரும். இதைவிட நல்ல பேரம் எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

"ஏற்றினால் எல்லாரும் பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க" என்பார்கள். பக்கத்து ஊரிலும் காத்திருப்போர் பட்டியல்தான். எரிபொருள் விற்பனை காப்பாற்றும் என்பார்கள். எங்கள் பம்பின் கார்டு ரீடர் நல்ல வெயில் அடிக்கும் சனி ஞாயிறாகப் பார்த்துத்தான் மக்கர் பண்ணும், அந்த லாபத்தை நம்பி பட்ஜெட் போடுவது வீண்.

மறுபக்கமும் பேச வேண்டும். "பணக்காரர்கள் விளையாட ஊர்ப்பணமா? மூடிவிட்டு வீடு கட்டலாம்" என்று ஒரு கவுன்சிலர் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கிளப்புவார். அவர் கோபத்தில் பாதி நியாயம், அந்தப் பாதியை உண்டாக்கியது எங்கள் மலிவு வாடகைதான். ஆனால் மூடுவது அவர் நினைக்கிற மாதிரி இல்லை. மானியம் வாங்கினால் நிலையத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டிய கட்டுப்பாடு பெரும்பாலும் 20 வருஷம், மத்தியப் பணத்தில் வாங்கிய நிலத்துக்கோ முடிவே இல்லை. சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி 2003 மார்ச் 30 நள்ளிரவில் புல்டோசர் அனுப்பி அந்த நகரின் மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்து ரன்வேயில் பெரிய எக்ஸ் எக்ஸாகத் தோண்டினார். 16 விமானங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு ரன்வேக்குப் போகும் பாதையான டாக்ஸிவேயிலிருந்து ஏறிப் போயின. நகரம் 33,000 டாலர் அபராதம் கட்டி, 10 லட்சம் டாலர் மானியத்தையும் திருப்பித் தந்தது. அவ்வளவு பெரிய நகரத்துக்கு அது சில்லறை, எங்களுக்கு அப்படியில்லை. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரமோ தன் விமான நிலையத்தை மூடப் பல பத்தாண்டுகள் சண்டை போட்டு, 2017-ல் சமரசமாகி, 2028 முடிந்த பிறகுதான் மூடலாம் என்று ஒப்புதல் வாங்கியிருக்கிறது. வக்கீல்களுக்குக் கொடுத்ததைக் கணக்குப் பாருங்கள்.

விமான நிலையத்தால் ஊருக்கு இத்தனை கோடி லாபம் என்று கன்சல்டன்ட் எழுதித் தரும் அறிக்கைகளை நான் காட்டப்போவதில்லை. பெருக்கிப் பெருக்கி எந்த எண்ணையும் வரவழைக்கலாம். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் ஹேங்கரைப் பூட்டிக்கொண்டிருந்தேன், ரன்வே முழு இருட்டு. திடீரென்று இரண்டு பக்கமும் விளக்கு பளீரென்று எரிந்தது. பைலட் மேலே இருந்தே மைக் பட்டனை ஐந்து வினாடிக்குள் ஏழு தடவை அழுத்தினால் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரும், கோபுரமும் ஆளும் தேவையில்லை. வந்தது ஆம்புலன்ஸ் விமானம். ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய்ச் சில நிமிஷத்தில் விளக்குகள் தானாக அணைந்தன. அது இறங்கிய இடத்தில்தான் அந்த மஞ்சள் பூ இருக்கிறது.

வாடகைத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. நான் வாடகைதாரர் என்பதால் ஓட்டுப் போட முடியாது, எழுந்து வெளியே போய் உட்கார வேண்டும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். செஸ்னா பங்காளிகள் இரண்டு பேரும் ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையே மேனேஜர் எங்கோ மிச்சம் பிடித்து விரிசல் அடைக்கும் சீலன்ட் நாலைந்து பெட்டி வாங்கியிருக்கிறார். மழை இல்லையென்றால் வருகிற சனிக்கிழமை அடைக்கிறோம். விரிசலில் இருக்கும் மண்ணை ஊத ப்ளோயர் பிடிக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும். படகுக்காரரைக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.