கவரில் வைத்துக் கொடுத்த கடன்

போன மாதம் எங்கள் சபையில் செக்ஸ்டன் அண்ணனை, அதாவது சர்ச் வேலைகளைக் கவனித்துக்கொண்டவரை, வழியனுப்பினோம். 22 வருடம் கோயிலைத் திறந்து, பெருக்கி, மணி அடித்து, கல்யாணத்துக்கு நாற்காலி போட்டு, அடக்கத்துக்குச் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர். முழங்கால் போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் முன்னால் அழைத்து ஒரு பொன்னாடை, ஒரு கவர். உள்ளே 10,000 ரூபாய். "ஸ்தோத்திரம் ஐயா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினோம். கமிட்டியில் அந்தத் தொகைக்குச் சம்மதம் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய பணிக்கொடை, அதன் கணக்கு எனக்கு மனப்பாடம்: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அண்ணனின் கடைசிச் சம்பளம் 9,100 ரூபாய். போட்டுப் பார்த்தேன். 1,15,500.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தை கிராஜுவிட்டி சட்டம் கட்டுப்படுத்தாது, நம் கோயிலில் மூன்றே பேர்தானே என்றார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரம், உன்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. நாம் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்துகிறோம்?

யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். இப்போதுதான் உறைத்தது. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. எங்கள் அண்ணன் ஒரு வார்த்தை முறையிடவில்லை. அவர் பேசாமல் இருந்தார் என்பதற்காக நம் கடன் தீர்ந்துவிடாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை 5,000 ரூபாய்க்கு எடுக்கிற சபை இது. அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் ஏலம் கேட்கிறவன்தான். நம்மிடம் மனசும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கொடுக்க வேண்டிய கூலியை தர்மம்போல் நினைத்துவிட்டதுதான் தப்பு. தர்மம் நம் இஷ்டம். கூலி அவருடைய பணம்.

தினமும் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். மறைமலை அடிகள் பாலம் இருக்கும் அந்த இடத்தில் 1726இல் முதல் பாலத்தைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியக் கிறிஸ்தவ வணிகர். பரங்கிமலைக்குப் படி அமைத்தவரும் அவர்தான். பாலத்தைக் கட்டியதோடு விடாமல், அதன் பராமரிப்புக்கென்று தனியாகப் பணமும் ஒதுக்கிவைத்தார். நாங்கள் புது சவுண்ட் சிஸ்டம் வாங்கினோம், ஏசி போட்டோம், இரண்டுக்கும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்கூடப் போட்டிருக்கிறோம். அந்தக் கோயிலைக் காலையில் திறக்கிற மனிதரின் முதுமைக்கு ஒரு ரூபாய் எடுத்துவைக்கவில்லை. அப்புறம் இன்னொன்று. 22 வருடமும் அவர் கதவோரம்தான் உட்கார்ந்திருந்தார். வேதபாடம் வாசிக்க ஒருநாளும் அவரை நாம் அழைத்ததில்லை.

எழுத்தில் இரண்டு கோரிக்கை கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்கு 1,15,500 முழுசாகத் தர வேண்டும், கவரில் கொடுத்ததைக் கழிக்கக்கூடாது. மற்ற இரண்டு பேருக்கும் இப்போதிருந்தே மாதாமாதம் ஒதுக்க வேண்டும். இதே சம்பளமென்றால் ஆளுக்கு மாதம் 440 ரூபாய்கூட ஆகாது. எங்கள் வீட்டில் எட்டு வருடமாக வேலை செய்யும் அக்காவுக்கும் இந்த மாதம் முதல் எடுத்துவைக்கிறோம். பழைய வருடங்களின் கணக்கையும் சேர்த்துத் தருகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டோம்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. சபையார் யாராவது இதைப் படித்தால், அதற்குள் செயலரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.