பனி இல்லாவிட்டாலும் காரை இழுத்துப் போவார்கள்

"சிகாகோவில் 2 அங்குலம் பனி விழுந்தால்தான் தெருவில் நிறுத்திய காரை இழுத்துப் போவார்கள், தரை காய்ந்திருந்தால் பயமில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. இரண்டு வெவ்வேறு விதிகளைக் குழப்பியதால் வந்த வினை இது.

முதல் விதிக்குப் பனியே தேவையில்லை. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, தினமும் அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை, சுமார் 107 மைல் நீளமுள்ள முக்கியச் சாலைகளில் கார் நிறுத்தக் கூடாது. வானம் பளிச்சென்று இருந்தாலும் சரி. பல ஆண்டுகளில் முதல் இரவே 200 கார்களுக்கு மேல் இழுத்துப் போயிருக்கிறார்கள். இழுவைக் கட்டணம் குறைந்தது 150 டாலர், அபராதம் 60, கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 25. தூக்கக் கலக்கத்தில் கட்ட வேண்டிய தொகையா இது?

அந்த 2 அங்குலக் கணக்கு, வேறு சுமார் 500 மைல் சாலைகளுக்கானது. அங்கே பனி அந்த அளவைத் தொட்டால் எந்த நேரத்திலும் தடை வரலாம். அப்புறம், எந்தச் சாலைக்கு எந்த விதி என்பது அங்குள்ள பலகையிலேயே இருக்கிறது. காரைப் பூட்டும் முன் அதைப் படியுங்கள்.