ரோரி கேலகருக்காக யாரும் இரங்க வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 14 அன்று, ஐரிஷ் ராக் இசைக்கலைஞர் ரோரி கேலகரின் நினைவு நாளில், அவரைப் பற்றி எழுதப்படும் அஞ்சலிகளைத் தேடிப் படிப்பது என் வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே பல்லவியைப் பாடுகின்றன. அபாரமான கிதார் கலைஞர், ஆனால் எரிக் கிளாப்டனுக்கும் ஜிம்மி ஹென்ட்ரிக்ஸுக்கும் கிடைத்த புகழில் கால் பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை, உலகம் அவரைக் கவனிக்கத் தவறிவிட்டது என்று வருந்தி முடிக்கிறார்கள். அன்போடுதான் எழுதுகிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனாலும் பல ஆண்டுகளாக அவருடைய இசையோடு வாழ்ந்து வருகிறவன் என்ற முறையில் இந்த இரக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தமக்கு என்ன வேண்டும் என்பதை ரோரி இளம் வயதிலேயே தெளிவாக அறிந்திருந்தார். அதற்குக் குறுக்கே வந்தவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். ஒதுக்கியதற்கான விலையையும் தெரிந்தே கொடுத்தார். அப்படி வாழ்ந்த ஒருவரை ஏமாந்துபோனவராகச் சித்திரிப்பது அவருடைய தீர்மானங்களை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

1948 மார்ச் 2 அன்று அயர்லாந்தின் டொனகால் மாவட்டத்தில் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். எர்ன் ஆற்று நீர்மின் திட்டத்தில் தந்தைக்கு வேலை இருந்ததால் குடும்பம் அங்கே இருந்தது. பிறகு சில காலம் டெர்ரி, அதன்பின் கார்க் நகரம். அன்றைய அயர்லாந்தில் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிக்க ஆசைப்பட்ட ஒரு சிறுவனுக்கு மேடை என்று எதுவும் கிடையாது. ஷோபேண்ட் எனப்படும் பெரிய குழுக்கள் நடன அரங்குகளில் அப்போதைய பிரபலப் பாடல்களை அச்சுப் பிசகாமல் வாசித்துக் காட்டும்; பிழைக்க வேண்டுமானால் அதில்தான் சேர வேண்டும். பள்ளி மாணவராக இருக்கும்போதே ரோரியும் சேர்ந்தார்.

1963இல் கார்க் நகரின் குரோலி இசைக்கருவிக் கடையில் ஒரு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் விற்பனைக்கு வந்தது. 1961இல் தயாரான கிதார் அது. வேறொரு ஷோபேண்ட் கலைஞர் சிவப்பு நிறத்தில் வேண்டும் என்று கேட்டிருக்க, மஞ்சளும் பழுப்பும் கலந்த சன்பர்ஸ்ட் நிறத்தில் வந்து சேர்ந்ததால் அவர் கைவிட்டது என்று சொல்வார்கள். அயர்லாந்துக்குள் வந்த முதல் ஸ்ட்ராடோகாஸ்டர் அதுவே என்ற பேச்சும் உண்டு. விலை ஏறக்குறைய 100 பவுண்டு. பதினைந்து வயதுப் பையனுக்கு எட்டாத தொகை. இந்த ஒரு கிதாரில் தாளத்தையும் தனி வாசிப்பையும் நானே பார்த்துக்கொள்வேன், குழுவுக்கு இன்னொரு கிதார்காரர் தேவைப்படமாட்டார் என்று தாயாரிடம் வாதாடி, தவணை முறையில் வாங்கினார். தாயாரைச் சமாதானப்படுத்தச் சொன்ன அந்தக் கணக்கை அவர் பிற்பாடு மெய்யாக்கினார் என்பதுதான் எனக்கு வியப்பு. அவர் முதலில் தொடங்கிய டேஸ்ட் என்ற மூவர் குழுவிலும் சரி, தனிப் பெயரில் வாசித்த காலத்திலும் சரி, அவர் பக்கத்தில் இன்னொரு கிதார் இருந்ததில்லை.

அந்தக் கிதாரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சன்பர்ஸ்ட் பூச்சு ஓரங்களில் மட்டும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் மரம். வலது முன்கை படிந்து உராயும் மேல்விளிம்பு அழுக்கும் வழவழப்புமாக இருக்கும். ஆறு பிருடைகளில் ஒன்று மட்டும் மற்ற ஐந்தோடு சேராத வேறு வகை. பழுதான உறுப்பை மாற்றினாரே தவிர, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று மற்ற ஐந்தையும் மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. 1960களில் டப்ளினில் ஒருமுறை அது திருட்டுப்போய், சில நாள்களுக்குப் பிறகு ஒரு சாக்கடைப் பள்ளத்தில் மழையில் நனைந்து கிடந்து மீண்டது. அந்த ஈரமும், மேடையில் அவருக்கு ஆறாகப் பெருகும் வியர்வையும் சேர்ந்து பூச்சைத் தின்றுவிட்டன. புதுப்பூச்சு அடிக்க அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை.

கிதாரின் ஒலிக்காகவும் அவர் அதிகம் மெனக்கெடவில்லை என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒரு வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்ளிஃபயர், இடையில் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறிய பெட்டி, அவ்வளவுதான். லண்டன் மார்க்கீ அரங்கில் அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வியந்த பிரையன் மே என்ற இளைஞர், நிகழ்ச்சி முடிந்ததும் அவரை அணுகி இந்த ஒலி எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார். ரோரி எதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் பிரையன் மே உருவாக்கிய ஒலிக்கு அடித்தளம் அந்தச் சேர்க்கைதான். அதை அவரே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். தொழில் ரகசியத்தை முன்பின் தெரியாத ரசிகனுக்குக் கொட்டிக்கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவருடைய தீர்மானங்களில் என்னை ஆழமாகத் தொட்டது பெல்ஃபாஸ்ட். 1970களின் தொடக்கத்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சமூகங்களுக்கிடையிலான மோதலில் வட அயர்லாந்து பற்றி எரிந்துகொண்டிருந்தது. குண்டுவெடிப்பும் தெருச் சண்டையும் இராணுவச் சோதனையும் அன்றாடமாகிவிட்ட நகரத்துக்கு வெளிநாட்டுக் குழுக்களில் பெரும்பாலானவை வர மறுத்தன. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இசைக்கலைஞர் என்பதால் யாரும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு 1975 ஜூலை 31 சான்று: மயாமி ஷோபேண்ட் குழுவினர் கச்சேரி முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஆயுதம் தாங்கியவர்கள் அவர்களுடைய வேனை நிறுத்தி மூவரைக் கொன்றார்கள். அந்தக் காலம் முழுவதும், லண்டனிலோ அமெரிக்காவிலோ எவ்வளவு வேலை இருந்தாலும், ஆண்டு முடியும் தறுவாயில் அயர்லாந்துக்குத் திரும்பி டப்ளின், கார்க் நகரங்களோடு பெல்ஃபாஸ்டிலும் வாசிப்பதை ரோரி வழக்கமாக வைத்திருந்தார். அல்ஸ்டர் ஹால் அரங்கில் கத்தோலிக்க இளைஞர்களும் புராட்டஸ்டன்ட் இளைஞர்களும் தோளோடு தோள் உரச நின்று கேட்டார்கள். வெளியே அந்த இருவரும் ஒரே தெருவில் நடப்பதே அரிதாக இருந்த காலம் அது. மேடையில் ஏறி அவர் சமாதானப் பிரசங்கம் செய்யவில்லை. அரசியல் அறிக்கை விடவில்லை. கட்டம் போட்ட சட்டையோடு வந்தார், சட்டை நனைந்து பிழியும்வரை வாசித்தார், அடுத்த ஆண்டும் வந்தார்.

1974 ஜனவரியில் அந்த மூன்று நகரங்களிலும் பதிவு செய்யப்பட்டதுதான் ‘ஐரிஷ் டூர் ’74’. கெர்ரி மெக்கவாய் பேஸ் கிதார், ராட் டி’ஆத் டிரம்ஸ், லூ மார்ட்டின் கீபோர்டு. நேரடிக் கச்சேரிப் பதிவுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். கேட்பவனை அரங்கத்துக்குள் இழுத்து நிறுத்துவதில் இதற்கு இணையான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. குறிப்பாக அதில் உள்ள ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’. ஆட்கள் நிறைந்த ஒரு விடுதி மதுக்கூடத்தில் அமர்ந்திருந்தும் மனத்தால் எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் ஓடுகிறது. நடுவில் குழு முழுவதும் தணிந்துகொண்டே வரும் இடத்தில், ஸ்வரங்கள் மீட்டிய ஓசையே இல்லாமல் அலைபோல எழுந்து அடங்குவதைக் கவனியுங்கள். அதன்பின் நால்வரும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். சட்டென்று கூட்டத்தின் இரைச்சல் காதில் விழும்போதுதான் இவ்வளவு தனிமையான ஒரு பாட்டை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒருவர் வாசித்திருக்கிறார் என்பது உறைக்கும். அந்த இடத்தில் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. மனம் கனத்த இரவுகளில் நான் துணைக்கு வைத்துக்கொள்வது இந்தப் பாட்டைத்தான்.

இனி அவர் ஒதுக்கியவற்றைப் பார்ப்போம். தனிக் கலைஞராக ஆன பிறகு சிங்கிள் எனப்படும் ஒற்றைப் பாட்டுத் தட்டுகளை வெளியிட அவர் மறுத்தார். ஒரு பாட்டை மூன்று நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கி வானொலிக்குக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் தரவரிசைப் பட்டியல்களும் அவற்றைச் சார்ந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அவருக்கு எட்டாமல் போயின. 1975 ஜனவரியில், மிக் டெய்லர் விலகிய பின் புதிய கிதார் கலைஞரைத் தேடிக்கொண்டிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் அவரை ராட்டர்டாமுக்கு அழைத்தார்கள். போனார், சில நாள்கள் அவர்களோடு வாசித்தார். அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்த ஜப்பான் கச்சேரிகளுக்கு நாள் நெருங்கியதும் கிளம்பிவிட்டார். உலகின் ஆகப்பெரிய ராக் குழு என்ன முடிவெடுக்கிறது என்று காத்திருப்பதைக் காட்டிலும், டிக்கெட் வாங்கிவிட்டவர்களுக்குக் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிதாக இருந்தது. 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் பெரும் பொருட்செலவில் ஓர் இசைத்தொகுப்பை முடித்தார். ஒலிக்கலவை திருப்தி தரவில்லை என்று அதை வெளியிடாமலே நிறுத்தி, குழுவையும் மூவராகக் குறைத்து, புதிதாகப் பதிவு செய்தார். கைவிட்ட அந்தப் பதிவு அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 2011இல்தான் வெளியானது. கேட்டேன், நல்ல பதிவுதான். ஆனாலும் அவர் எதற்காக அதை வேண்டாமென்றார் என்பது புரிகிறது. அதில் ஒலிப்பதிவு அறை இருக்கிறது, கூட்டம் இல்லை.

புகழை அறவே அறியாதவர் என்றும் யாரும் எண்ண வேண்டாம். மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசை இதழின் வாசகர்கள் அவரைச் சிறந்த கிதார் கலைஞராகத் தேர்ந்தெடுத்ததுண்டு. 1971இல் அமெரிக்க ப்ளூஸ் மேதை மட்டி வாட்டர்ஸ் லண்டனில் பதிவு செய்தபோது அவரோடு வாசிக்கும் பேறு கிடைத்தது. தம் கச்சேரியை முடித்துவிட்டு வெளியூரிலிருந்து காரில் விரைந்து வரும் ரோரிக்காக அந்தப் பெரியவர் காத்திருந்தார். சிறுவயதில் வானொலியில் காது வைத்துக் கேட்ட இசையின் மூலவரே தமக்காகக் காத்திருந்த அந்த நாளை எந்தத் தரவரிசைப் பட்டியலோடும் ரோரி மாற்றிக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

கடைசி ஆண்டுகளைப் பற்றி எழுதுவது எனக்கு வலிக்கிறது, ஆனால் தவிர்ப்பது முறையாகாது. இத்தனை பயணம் செய்தவருக்கு விமானம் என்றால் அச்சம். அதற்காக மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த மாத்திரைகளும் மதுவும் சேர்ந்து கல்லீரலைச் சிதைத்தன. 1995 ஜனவரியில் நெதர்லாந்தில் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. லண்டனில் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறி வந்த நிலையில் கிருமித்தொற்று ஏற்பட்டு ஜூன் 14 அன்று மறைந்தார். வயது 47. அவர் வாழ்வில் இரங்கத்தக்கது ஒன்று உண்டென்றால் இதுதான்: ஓய்வெடுக்கத் தெரியாத ஒரு மனிதருக்கு ஓய்வைக் கட்டாயப்படுத்திக் கொடுக்க யாராலும் முடியாமல் போனது. இதற்கும் புகழின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

2024 அக்டோபரில் அந்தக் கிதார் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, யாரோ ஒரு செல்வந்தரின் வரவேற்பறைக்குப் போய்விடுமோ என்று பதறியவர்களில் நானும் ஒருவன். கட்டணங்கள் உட்பட ஏறக்குறைய 9 லட்சம் பவுண்டுக்கு அயர்லாந்தைச் சேர்ந்த கச்சேரி நிறுவனம் ஒன்று அதை வாங்கி, அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. அடுத்த சில மாதங்களில், 2025 ஜனவரியில், பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே அவருக்குச் சிலை திறந்தார்கள். பாலிஷானனில் 2010 முதலே ஒரு சிலை நிற்கிறது. கார்க் நகரில் ஒரு சதுக்கத்துக்கும் பாரிஸை அடுத்த ஓர் ஊரில் ஒரு தெருவுக்கும் அவர் பெயர். உலகம் கவனிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இவற்றையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு முதல்முறையாக அவரைக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுத்துத் தந்த சிறந்த பாடல்கள் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். ‘ஐரிஷ் டூர் ’74’ தொகுப்பை எடுத்து, அதன் முதல் பாட்டான ‘கிரேடில் ராக்’ தொடங்கி, இடையில் நிறுத்தாமல், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அது பிடித்துப்போனால் 1971இல் வந்த ‘டியூஸ்’, பிறகு 1976இல் வந்த ‘காலிங் கார்டு’ என்று போகலாம். கேட்டவர்கள் எந்தப் பாட்டு உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று கீழே எழுதுங்கள்; அதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் நேரம் உண்டு.