பண்டிகைக்குள்ளும் இருட்டு உண்டு

குழந்தைகளின் கிறிஸ்துமஸ் ஆசைகள் விபரீதமாகப் பலிக்கும் இசை நாடகத்தைப் பண்டிகைக்கு ஒவ்வாதது என்று உங்கள் இதழின் கட்டுரையாளர் ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. இயேசு பிறந்த கதையிலேயே இருட்டு உண்டு: அரசன் ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதை வேதாகமத்தில் மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரமே சொல்கிறது. டிசம்பர் 28 அன்று கத்தோலிக்கர்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

வேலூரை அடுத்த காட்பாடியில், எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஆசைகளை எழுதச் சொன்னோம். பொம்மை, சைக்கிள் என்று நிறையச் சீட்டுகள். குடியாத்தத்திலிருந்து வந்த சிறுமி மட்டும், "அம்மா பீடி சுற்றாமல் ஒருநாள் தூங்க வேண்டும். அப்பா அன்று வீட்டுக்கு வரக் கூடாது" என்று எழுதியிருந்தாள். அந்தச் சீட்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

அவளைப் போன்றவர்கள் பெரியவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க ஒரு மேடை வேண்டும், ஐயா. அடுத்த டிசம்பரில் எங்கள் சபையில் அப்படியொரு நாடகம் போடக் கேட்கப் போகிறேன்.