போஸ்டர்தானே என்று சொல்லாதீர்கள்

போன புதன்கிழமை மாலை நாலரை மணி இருக்கும். கல்லூரி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே ஒரு மாணவி ஓடி வந்தாள். இயற்பியல் துறை, முதுகலை இரண்டாம் ஆண்டு, வீடு வடசென்னையில், வியாசர்பாடி. "மேம், நேத்து நைட்டு 11.59தான் லாஸ்ட் டைம். நான் அனுப்பவே இல்ல மேம்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஒரு ஆய்வு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தைத்தான் சொன்னாள். அறிவிப்பை ஃபோனில் காட்டச் சொன்னேன். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஏஓஇ என்று மூன்று எழுத்து இருந்தது. உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை அனுப்பலாம் என்று அதற்குப் பொருள். கிரீன்விச் நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய கணக்கு அது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆக அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்பி ஓடினோம். வாட்ச்மேன் அண்ணன் பூட்டிய துறை அறையைத் திறந்துவிட்டார். 5.21க்கு 'கிடைத்தது' என்று மெயில் வந்தது.

அப்புறம்தான் கேட்டேன், எழுதி முடித்து பத்து நாள் ஆகியும் ஏன் அனுப்பவில்லை என்று. சீனியர் ஒருவர் சொன்னாராம்: "போஸ்டர்தானே, டாக் கிடைக்காதவங்களுக்குக் குடுக்கிறது. அதுவும் உன் வேலை இன்னும் பாதியிலதான் இருக்கு, எதுக்குப் போய் அசிங்கப்படணும்?"

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தப் பதிவு. டாக் என்றால் மாநாட்டு மேடையில் பேசுவது. போஸ்டர் என்றால் செய்த ஆய்வை ஒரே பெரிய தாளில் படமும் எழுத்துமாக அச்சடித்து அரங்கில் மாட்டி, பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்குவது.

அவள் செய்திருக்கும் வேலையைச் சொல்கிறேன். அவள் தெருவில் 12 வீடுகள். சில ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சில தகரம், சில கான்கிரீட். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர், தெருவில் நிழலில் ஒன்று. சித்திரை, வைகாசி முழுக்க அந்தந்த வீட்டு அம்மாக்களும் பிள்ளைகளும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் குறித்திருக்கிறார்கள். பகலில் கூரைக்கடியில் வெந்து போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் பிடித்தது வேறு. வெளியே காற்று தணிந்த பிறகும் எந்தக் கூரை வீட்டுக்குள் எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது, தூங்க வேண்டிய நேரத்தில் உடம்பு எதைத் தாங்குகிறது என்பதை. நமது பகுதியின் வெயிலை மீனம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் இருக்கும் வானிலை நிலையங்களின் எண்ணை வைத்துத்தான் இத்தனை காலமாகப் பேசுகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் சொல்வதை யார் கேட்டார்கள்?

வேலை பாதியில் இருக்கிறது என்பது உண்மை. இன்னும் ஒரு கோடை எடுக்க வேண்டும். ஆனால் பாதியில் இருக்கும் வேலைக்குத்தானே போஸ்டர்! முடிந்துபோன வேலையில் தப்பு இருந்தால் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எண்ணூர் கழிமுகத்தில் மட்டிகளுக்குள் ஏறும் கன உலோகங்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடம் அது. பாதிப்புள்ள இடங்களில் மாதிரி எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப்பில்லாத இடம் என்று ஆற்றின் மேல்பக்கம் ஒரு இடத்தை வைத்துக்கொண்டேன். ஒன்றரை வருட வேலை. என் கைடும் பார்த்தார், துறையிலும் இரண்டு முறை பேசினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வெளியூரில் ஒரு மாநாட்டில் போஸ்டருக்கு இடம் கிடைத்தது. இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பிறகு வயதான அம்மா ஒருவர் வந்தார், கடல் நீரோட்டம் படித்தவர். வரைபடத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த இடம்வரை கடல் தண்ணீர் ஏறாது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் கையோடு உட்காரவைத்து, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் கூடும்போது முகத்துவாரத்துத் தண்ணீர் உள்ளே எவ்வளவு தூரம் போகலாம் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஊருக்கு வந்ததும் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் நாற்பது வருடம் அந்தத் தண்ணீரில் வலை போட்டவர். "அமாவாசைக்கு அங்க வரைக்கும் உப்புத் தண்ணி ஏறுமேம்மா, அது தெரியாதா உனக்கு?" என்றார். நான் ஒப்பிட எடுத்த இடத்துக்கும் அதே தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது. இடத்தை மாற்றி எட்டு மாதம் மறுபடி மாதிரி எடுத்தேன். அந்தப் போஸ்டர் இல்லாமல் போயிருந்தால் அந்தத் தப்போடுதான் பட்டம் வாங்கியிருப்பேன். பெரியப்பாவிடமும் கேட்டிருக்க மாட்டேன். அதை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. எத்தனை இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

மேடைப் பேச்சில் இது நடக்காது. பதினைந்து நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம் பேசுவோம், இரண்டு கேள்வி, அடுத்தவர் மேடைக்கு வந்துவிடுவார். போஸ்டரில் வருகிறவர் உங்கள் வேலையைப் பார்க்கவே வருகிறார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார்.

இன்னொன்று, ஆங்கிலம். நம் பிள்ளைகள் பலர் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறார்கள். நூறு பேர் முன்னால் மைக் பிடித்து ஆங்கிலத்தில் பேசுவதை நினைத்தாலே அனுப்பும் ஆசை போய்விடுகிறது. போஸ்டருக்கு முன்னால் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசப்போகிறீர்கள். வார்த்தை வராவிட்டால் படத்தைக் காட்டலாம். வந்தவர் தமிழர் என்றால் தமிழிலேயே பேசலாம், தாராளமாகப் பேசுங்கள். ஐந்து நிமிடக் குறும்பேச்சு கிடைத்தால் அதையும் விட வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "மீதியைப் போஸ்டர் பக்கத்தில் பேசலாம், வாருங்கள்" என்று இறங்கிவிடலாம். நாலு படத்துக்கு மேல் வேண்டாம்.

அனுப்பும்போது பெரும்பாலும் 250, 300 வார்த்தைக்கு ஒரு அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், கேட்பார்கள். என்னிடம் வருகிறவற்றில் பாதி 'நீர் உயிர்களின் ஆதாரம்' மாதிரிதான் தொடங்கும், முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும். படித்துத் தேர்ந்தெடுப்பவருக்கு அது தெரியும். என்ன கேள்வி, எங்கே, எப்படிப் பார்த்தீர்கள், இதுவரை என்ன தெரிகிறது, அதனால் என்ன. இதை எழுதினால் போதும். இதுவரை தெரிந்ததை உள்ளபடி எழுதுங்கள், 'முடிவுகள் விவாதிக்கப்படும்' என்று மழுப்பாதீர்கள். பெயர் மறைத்துப் பரிசீலிக்கும் மாநாடு என்றால் உள்ளே பெயரோ கல்லூரியோ தெரியக் கூடாது. அதற்காகவே நல்ல வேலைகள் திரும்பி வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் சொல்லியாக வேண்டும். 2016இல் வந்த யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்க வேண்டும், ஒரு கட்டுரை பிரசுரமாகியிருக்க வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த இரண்டு சான்றிதழை விற்கவே கடைகள் முளைத்தன. எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே மாநாடு, இன்று அனுப்பினால் நாளை ஏற்பு, பணம் மட்டும் முதலில். நானும் அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். காலையிலிருந்து காத்திருந்து நாலு நிமிடம் பேசினேன். கேட்க ஆளில்லை, சான்றிதழ் மட்டும் கைக்கு வந்தது. அந்தப் பணம் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. 2022இல் வந்த புது விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கடைகள் மூடவில்லை, நம் கல்லூரிகளின் நோட்டீஸ் போர்டிலேயே அவற்றின் அறிவிப்பு தொங்குகிறது. பிள்ளைகளே, யார் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பெயர் போடாத மாநாட்டுக்கும், தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லும் மாநாட்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நல்ல மாநாடுகளிலும் கட்டணம் உண்டு. மாணவர் கட்டணமே சில வீடுகளில் ஒரு மாத வாடகை. கட்டண விலக்கு என்ற வரி அறிவிப்பில் இல்லாவிட்டாலும் மெயில் போட்டுக் கேளுங்கள். எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அச்சடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஏ0 அளவு கேட்பார்கள். 84.1 சென்டிமீட்டருக்கு 118.9, கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் வரும். சதுர அடிக் கணக்கில் பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நெட்டுக்குத்தா, அகலவாக்கா என்பதை அறிவிப்பில் முதலில் பாருங்கள். என் முதல் போஸ்டரைத் தண்டையார்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில்தான் போட்டேன். முன்னால் ஒரு காதணி விழா, பின்னால் ஒரு கண்ணீர் அஞ்சலி, நடுவில் என் மட்டி. கடைக்கார அண்ணன் திரையில் பார்த்துவிட்டு, "எழுத்து இவ்வளவு பொடிசா இருந்தா ரோட்ல போறவன் எப்படிம்மா படிப்பான்?" என்றார். அவர் சொன்னதையே 2019இல் மைக் மோரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் ஒரு வீடியோவில் சொல்லி, அது உலகமெங்கும் பரவியது. கண்டுபிடித்த ஒரு விஷயத்தை எளிய வாக்கியமாக நடுவில் பெரிதாகப் போடு, மற்றதை ஓரத்தில் வை என்றார். எழுத்து 24 பாயிண்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பு இல்லாத மேட் மெட்டீரியல் கேளுங்கள், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசாது.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவி எடுத்த அளவு, மாணவி எழுதிய எழுத்து என்றால் அவள் பெயர்தான் முதலில் வர வேண்டும். நோட்டில் குறித்துக் கொடுத்த அந்த 12 வீட்டுக்காரர்களுக்கும் போஸ்டரில் ஒரு வரி நன்றி வேண்டும், அவர்கள் சம்மதித்தால் பெயரோடு. என் போஸ்டரை அச்சடித்தபோது பெரியப்பாவிடம் நான் கேட்டிருக்கவே இல்லை, அவர் பெயரும் அதில் இல்லை. அதை இனி மாற்ற முடியாது. ஆய்வேட்டில் போட்டேன். அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது, மறுபடி ஒருதரம் படிக்கச் சொன்னார்.

எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலைப் பற்றியும் கொடுங்கையூர் குப்பையைப் பற்றியும் காசிமேட்டைப் பற்றியும் எத்தனையோ பேர் வந்து அளந்துகொண்டு போகிறார்கள். வரட்டும், அளக்கட்டும். ஆனால் அந்த அரங்குகளில் போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூரைக்கடியில் படுத்தவளுக்குத்தான் பகல் வெப்பத்தை விட்டுவிட்டு ராத்திரியை அளக்கத் தோன்றும்.

அவளுக்கு அடுத்த மாதம் பதில் வரும். கிடைத்தால் அதே ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் கூட்டிப் போவேன். கிடைக்காவிட்டால், பரிசீலித்தவர்கள் எழுதியதை வைத்துக்கொண்டு திருத்தி, வேறு மாநாட்டுக்கு அனுப்புவோம்.

எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருப்பவர்கள், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி, இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மேல் துறை அறையில்தான் இருப்பேன். நோட்டையும் எடுத்து வாருங்கள்.