டோனி கிரெய்கை நினைச்சுக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

டோனி கிரெய்க், இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனா இருந்து அப்புறம் டிவி வர்ணனையாளர் ஆனவர். அவர் நினைவு நாளுக்கு நேத்து நான் போட்ட பதிவுக்குக் கீழ நடந்த கூத்தை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். "காசு வாங்கிட்டு மைக்ல கத்துனவனுக்கு இவ்ளோ ஒப்பாரியா?"ன்னு அண்ணன் ஒருத்தர் கேட்டார். அதுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவங்கள்ல என் வீட்டுல வந்து சாப்பிட்டுப் போனவங்களும் இருக்காங்க. ரொம்ப சந்தோஷம்.

ஒருத்தரை நமக்குப் பிடிச்சிருந்தது. செத்துட்டார். வருஷத்துல ஒருநாள் நினைச்சுக்கிறோம். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?

காசு வாங்கினார். ஆமா, வாங்கினார். 1977ல ஆஸ்திரேலிய டிவி முதலாளி கெர்ரி பேக்கர் தனியா ஆரம்பிச்ச கிரிக்கெட் பக்கம் போனதுக்காக இங்கிலாந்து கேப்டன் பதவியையே பறிகொடுத்தவர். தன்னோட சேனல் நைன் டிவியில ஆயுசுக்கும் வேலைன்னு பேக்கர் வாக்கு கொடுத்தார். 2012 டிசம்பர் 29ல சிட்னியில மாரடைப்பு வந்து போற வரைக்கும் அவர் நைன் ஆள்தான். கலர் சட்டை, வெள்ளைப் பந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஆட்டம், இதையெல்லாம் ஊருக்கே பழக்கிவிட்டது அந்தக் 'காசுக்காரங்க' நடத்துன கிரிக்கெட்தான். ஐபிஎல் மஞ்சள் ஜெர்சியோட ப்ரொஃபைல் படம் வெச்சிருக்கிறவர் வந்து எனக்குக் காசைப் பத்தி வகுப்பெடுக்கிறார்!

கத்தினாராம். ஆறரை அடி மனுஷன், அகலத் தொப்பியோட பிட்ச்ல குனிஞ்சு, விரிசலுக்குள்ள கார் சாவியைச் சொருகிக் காட்டுவார். சாவி எவ்வளவு தூரம் இறங்குதுன்னு பார்த்தாலே போதும், பந்து எப்படித் திரும்பும்னு பள்ளிக்கூடப் பையனுக்கும் விளங்கிடும். இப்ப பிட்ச் ரிப்போர்ட்னா ஸ்பான்சர் பேரை ரெண்டு தடவை சொல்லிட்டு, "நல்ல விக்கெட்டு, டாஸ் ஜெயிச்சா பேட்டிங்"னு கிளம்பிடறாங்க. கூட வர்ணனை பண்ணின ஆஸ்திரேலியாக்காரர் பில் லாரியும் அவரும் மைக்ல சண்டை போடறதைக் கேட்கவே ஆஸ்திரேலியா மேட்சுக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்த கூட்டம் நாங்க.

எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. அரிசி மண்டியில கணக்கு எழுதினவர். 1998 ஏப்ரல்ல ஷார்ஜாவுல மணல் புயல் அடிச்சுதே, சச்சின் 143 அடிச்ச ஆட்டம், அதைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில நின்னு ஜன்னல் வழியாத்தான் பார்த்தோம். அவர் உயரத்துக்கு டிவி பாதிதான் தெரியும். "இப்ப பேசறது அந்த நெட்டையன்தானே?"ன்னு என்னைக் கேட்டுக்குவார். குரல் ஏறுச்சுன்னா, பந்து எங்க போச்சுன்னு பார்க்காமலே கையைத் தட்டிடுவார். "வாட் எ பிளேயர்"னு அந்தாள் சொன்னதை மறுநாள் மண்டியில மூட்டை தூக்கற பையன்கிட்ட அப்பா சொல்லிக்கிட்டு இருந்தார், அர்த்தம் தெரியாமலேயே. அப்பாவும் இப்ப இல்ல. நேத்து அந்த கமெண்ட்டைப் படிச்சதும் எனக்கு ஏன் அவ்வளவு சுர்ருன்னுச்சுன்னு இப்ப புரியுதா?

அடுத்து ஒரு தம்பி ஸ்கிரீன்ஷாட்டோட வந்தார், "அவன் நிறவெறி பிடிச்சவன்"னு. 1976ல வெஸ்ட் இண்டீஸைத் தவழ வைக்கிறேன்னு டிவியில சொன்னது எனக்குத் தெரியாதா? நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுல பிறந்த வெள்ளைக்காரன் வாயில வரக்கூடாத பேச்சு அது. அவங்க 3-0ன்னு அடிச்சுப் பதில் சொல்லிட்டாங்க. லண்டன் ஓவல் மைதானத்துல ரசிகர்களுக்கு முன்னால இவரே நாலு கால்ல தவழ்ந்தும் காட்டிட்டார். போதாதுன்னா போதாதுதான், சண்டை போட மாட்டேன். 1977 சேப்பாக்கம் டெஸ்ட்ல இங்கிலாந்து பவுலர் லீவர் பந்துல வாஸ்லின் தடவினார்னு நம்ம கேப்டன் பேடி புகார் சொன்ன கதையும் தெரியும், அப்ப இங்கிலாந்து கேப்டன் இவர்தான்னும் தெரியும். அதே தொடர்ல ஈடன் கார்டன்ஸ்ல காய்ச்சலோட நின்னு 103 அடிச்சதை மட்டும் ஏன் தம்பி ஸ்கிரீன்ஷாட் எடுக்கல?

'இந்தியாவைத் திட்டினவன்'னு இன்னொரு குற்றச்சாட்டு. 2012 ஜூன்ல லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல, பழைய வீரர் காலின் கவுட்ரி பேர்ல நடக்கற சொற்பொழிவுல, இந்தியா காசைத் தாண்டியும் கிரிக்கெட்டைப் பத்தி யோசிக்கணும்னு சொன்னார். இதுல திட்டு எங்க இருக்கு? நம்ம டீக்கடையில தினமும் பேசறதுதானே? மைக் முன்னால உட்கார்ந்து இந்திய கிரிக்கெட் வாரியத்தைப் பத்தி இப்படி ஒரு வாக்கியம் பேசற ஆள் இன்னைக்கு எத்தனை பேர், சொல்லுங்க. காசு வாங்கினவன்னு அவரைத்தான் சொல்றீங்க!

கடைசியா ஒருத்தர், பெரிய அஸ்திரம்னு நினைச்சு, "வெள்ளைக்காரனுக்கு எழுதறியே, நம்ம சாத்தான்குளம் அப்துல் ஜப்பாருக்கு எழுதினியா?"ன்னு கேட்டார். எழுதினேன் ஐயா. 2020 டிசம்பர்ல அவர் காலமான அன்னைக்கே எழுதினேன். டிரான்சிஸ்டர்ல அவர் தமிழ் வர்ணனையைக் கேட்டுத்தான் எனக்குக் கிரிக்கெட்டே தெரியும். அந்தப் பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கு, போய்ப் பாருங்க. நேத்து சண்டைக்கு வந்த ஒருத்தர் பேரும் அதுல இல்ல. தமிழ்ப் பற்று எல்லாம் இன்னொருத்தன் எழுதினதுக்குக் கீழதான் பொங்குமா?

எந்த கமெண்ட்டையும் அழிக்கல, யாரையும் பிளாக் பண்ணல. ஜப்பார் ஐயாவைப் பத்திக் கேட்ட அண்ணன் அவரைப் பத்தி ஒரு பத்தி எழுதட்டும். முதல் ஆளா நான் பகிர்றேன். "ரேடியோவுல கத்துனவருக்கு ஒப்பாரியா?"ன்னு சத்தியமா கேட்க மாட்டேன்.